சின்ன மிஸ்

தங்கபுஷ்பத்தின் குரலை யாரும் விலைக்குக் கேட்கவில்லை, இரவல்தான் கேட்டார்கள். இரவல் கொடுத்தது கொடுத்தபடியே திரும்பி வருமா என்று அவள் அப்போது யோசிக்கவில்லை. ஆவாரங்குளம் அரசு சமுதாயக் கல்லூரியில் முதலாண்டுப் பிள்ளைகளுக்குப் பொறுப்பாசிரியை அவள். ஒரு மதியம் முழுக்க அவளைக் கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, கதை, செய்தி, தாலாட்டு, வசவு என்று எல்லாவற்றையும் வாசிக்கச் சொன்னார்கள். வசவு எதற்கு என்று கேட்டாள். செல்லமாகத் திட்டவும் தெரிய வேண்டாமா மேடம் என்றார் அப்சல், சென்னைக் கம்பெனி அனுப்பிய பொறியாளர். அவளுக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பையும் பதிவு செய்துகொண்டார்கள்.

அவள் சம்மதித்ததற்குக் காரணம் இருந்தது. ஆண்டுதோறும் ஆனி மாதம் வகுப்பு நிரம்பி வழியும். தீபாவளி கழிந்து பார்த்தால் பெஞ்சுகள் பல்லிளிக்கும். பையன்கள் திருப்பூருக்கும் கேரளத்து ஓட்டல்களுக்கும் போயிருப்பார்கள், பெண்கள் கழுத்தில் மஞ்சள் கயிற்றோடு சந்தையில் எதிர்ப்பட்டு, மிஸ்ஸைப் பார்த்ததும் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்கள். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்த பிள்ளைகள் எல்லாரும். படிப்பு வராமல் நின்றவர்கள் குறைவு. வீட்டில் ஒருவர் ஒரு சொல் சொல்லித் தடுத்திருந்தால் நின்றிருக்க மாட்டார்கள். அந்தச் சொல்லைச் சொல்லத்தான் தங்கபுஷ்பம் ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வீடு வீடாக அலைந்தாள். ஒரு தொண்டை, அறுபது வீடு. அவள் போய்ச் சேர்வதற்குள் பந்தல்கால் ஊன்றியிருப்பார்கள்.

அந்தத் தொண்டை ஒரே மாலையில் அறுபது வீட்டிலும் பேசினால் என்ன என்பதுதான் கம்பெனியின் யோசனை. வெறும் தகவல் சொல்லும் குரல் அல்ல. எதிராளி பேசுவதைக் கேட்கும், நினைவில் வைத்துக்கொள்ளும், எந்த வீட்டில் எந்தப் பேச்சு எடுபடுகிறது என்று தானே கற்றுக்கொள்ளும். அதற்குக் கொடுத்த வேலை ஒன்றே ஒன்று: முதலாண்டில் ஒரு பிள்ளையும் நிற்கக் கூடாது. முதலாண்டைத் தாண்டிய பிள்ளை மூன்றாண்டையும் தாண்டிவிடும் என்று பழைய கணக்குகள் சொல்லின. அது உண்மையும்கூட. அதுவரைக்கும் உண்மையாக இருந்தது.

பிள்ளைகள் அதற்குச் சின்ன மிஸ் என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவர்களுக்கு எது எந்திரம், எது ஆள் என்ற குழப்பமே இல்லை. பெற்றோர் விஷயம் வேறு. முதல் அழைப்பின் தொடக்கத்தில், இது கணினிக் குரல் என்று ஓர் அறிவிப்பு வரத்தான் செய்தது. போனை எடுத்ததும் கம்பெனிக்காரன் எதையோ ஒப்பிப்பான், அது முடியும்வரை காதிலிருந்து தள்ளிப் பிடிக்க வேண்டும் என்பது ஆவாரங்குளத்துச் சுற்றுவட்டாரத்தில் எல்லாருக்கும் பழக்கம். தள்ளிப் பிடித்தார்கள். பிறகு காதில் வைத்தபோது டீச்சரம்மா பேசினாள்.

தங்கபுஷ்பத்துக்கு ஊரில் மரியாதை கூடியது. பஸ்ஸில் எழுந்து இடம் கொடுத்தார்கள். வீட்டுக்கு முருங்கைக்காய் வந்தது, பனங்கிழங்கு வந்தது. ஒரு பெண்மணி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, நீங்கள் சொன்னபடியே கோழிக்கூட்டை வடக்குப் பக்கம் மாற்றிவிட்டேன் என்றாள். தங்கபுஷ்பம் கோழிக்கூட்டைப் பற்றி வாழ்நாளில் பேசியதில்லை. ஆனாலும் தலையை ஆட்டினாள், நல்லது செய்தீர்கள் என்றாள். அந்தத் தலையாட்டலை அவள் பிறகு பலமுறை நினைத்துப் பார்க்க நேர்ந்தது.

தீபாவளி போனது, பொங்கல் போனது, ஒரு பிள்ளையும் நிற்கவில்லை. வைகாசியில் தேர்வு முடிவு வந்த அன்று முதல்வர் ஞானதுரை லட்டு கொடுத்தார். மனிதர் தன் மகள் கல்யாணத்திலேயே மூன்றாம் பந்திக்கு லட்டு வேண்டாம் என்று நிறுத்தியவர். சென்னையிலிருந்து பாராட்டு வந்தது. மேடையில் தங்கபுஷ்பத்துக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். மேடையைவிட்டு இறங்கியதும் வேல்கனி வந்து நின்றாள்.

வேல்கனி மருத்துவ ஆய்வகப் பிரிவு. நுண்ணோக்கியில் கண்ணை வைத்துவிட்டால் சாப்பாட்டு மணி அடித்தாலும் எடுக்காத பெண். முதல் மாதம் ரத்தத்தைப் பார்த்து மயங்கி விழுந்தவள், ஆண்டு முடிவில் வகுப்பிலேயே முதலாவதாக வந்திருந்தாள். பொன்னாடையைப் பார்த்துச் சிரித்துவிட்டு, வீட்டுக்கு எப்போது வருகிறீர்கள் என்று கேட்டாள்.

"எதுக்குடா?"

"சின்ன மிஸ் சொல்லிச்சு மிஸ். நீ முதல் வருஷத்த நல்லா முடி, அப்புறம் பெரிய மிஸ்ஸே நேர்ல வந்து உங்க அப்பாகிட்ட பேசுவாங்கன்னு. ஆனில நாள் குறிச்சிருக்காங்க மிஸ். எனக்கும் எங்க மாமா மகனுக்கும்."

அந்த முகத்தில் பயம் இல்லை என்பதுதான் தங்கபுஷ்பத்தை உறுத்தியது. வாக்குக் கிடைத்தவள் முகம் அது. தான் கொடுக்காத வாக்கு என்று சொல்ல வாய் வரவில்லை. இன்றைக்கே வருகிறேன் என்றாள்.

கீழச்செவல் ஆவாரங்குளத்திலிருந்து கரிசல் காட்டு வழியே போக வேண்டும். வேல்கனியைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு போய் இறங்கியபோது விளக்கு வைக்கும் நேரம். அப்பா உச்சிமாகாளி பட்டாசு ஆலையில் மருந்து கலக்குகிறவர். எத்தனை தேய்த்துக் குளித்தாலும் உள்ளங்கை ரேகையில் வெள்ளிப்பொடி மினுங்கும். டீச்சரைக் கண்டதும் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். மனைவி சந்தனமாரி நாற்காலியைத் துடைத்துப் போட்டு, குடிக்கக் கலர் வாங்கிவரச் சொல்லி மகளைக் கடைக்கு அனுப்பினாள். இத்தனை நாள் பேசியும் முகம் பார்க்கவில்லையே என்று இருவரும் மாறி மாறிச் சொன்னார்கள். போனில் கேட்பதைவிட ஆள் ஒல்லி என்றாள் சந்தனமாரி.

தங்கபுஷ்பம் சுற்றி வளைக்கவில்லை. வேல்கனி நன்றாகப் படிக்கிறாள், இன்னும் இரண்டு வருஷம் முடித்தால் எந்த ஆஸ்பத்திரியிலும் வேலை கிடைக்கும், கல்யாணத்தைத் தள்ளிப்போடுங்கள் என்றாள். உச்சிமாகாளி அதைக் கேட்டுச் சிரித்தார். டீச்சர் விளையாடுகிறாள் என்றுதான் நினைத்தார்.

"நீங்க சொல்லித்தானம்மா நான் ஒரு வருஷம் பொறுத்தேன்," என்றார். "மச்சான் போன ஆவணியிலயே கேட்டான். நீங்கதான், அண்ணாச்சி, ஒரு வருஷம் மட்டும் விடுங்க, அப்புறம் நான் குறுக்க நிக்கமாட்டேன், கல்யாணத்துக்கு முதல் ஆளா நானே வந்து நிப்பேன்னீங்க. சரின்னு சொல் கொடுத்தேன். மச்சான்கிட்ட எத்தன பேச்சு வாங்கியிருப்பேன் தெரியுமா? ஆனா சொன்ன சொல்லு மாறல."

நான் அப்படிச் சொல்லவில்லை என்றாள் தங்கபுஷ்பம். உச்சிமாகாளியின் சிரிப்பு மெல்ல வற்றியது. சந்தனமாரி புருஷனையும் டீச்சரையும் மாறி மாறிப் பார்த்தாள். அந்த நேரத்தில்தான் அவர் மடியில் கிடந்த போன் அடித்தது. திரையில் டீச்சர் என்று எழுதியிருந்தது, பக்கத்தில் தங்கபுஷ்பத்தின் படம். படத்துக்குரியவள் எதிரே நாற்காலியில் இரண்டு கையையும் மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள்.

இதைவிட நல்ல நிரூபணம் கிடைக்காது என்று அவளுக்குப் பட்டது. அதுதான் அவள் செய்த பிழை. பின்னாளில் எத்தனை பேர் மீது பழியைப் போட்டாலும் இந்த ஒன்றை யார் தலையிலும் அவளால் ஏற்ற முடியவில்லை.

"எடுங்க. எல்லாரும் கேக்கிற மாதிரி ஸ்பீக்கர்ல போடுங்க."

உச்சிமாகாளி தயங்கினார். எப்போதும் அந்த அழைப்பை எடுத்துக்கொண்டு ஓடைப் பக்கம் போய்விடுவது அவர் வழக்கம். டீச்சர் சொல்கிறாளே என்று பொத்தானை அழுத்தினார்.

"அண்ணாச்சி, சாப்பிட்டாச்சா?" என்றது தங்கபுஷ்பத்தின் குரல். அவளுடையதைவிடச் சற்று நிதானமான, தொண்டை கட்டாத குரல். "வேல்கனி மார்க்கப் பாத்தீங்கள்ல? எல்லாம் உங்க பொறுமைதான். சொன்ன சொல்லக் காப்பாத்திட்டீங்க. நானும் காப்பாத்துவேன், ஆனில வந்து நிப்பேன். அது கெடக்கட்டும் அண்ணாச்சி. இருமுறப்ப ரத்தம் வருதுன்னீங்களே, இனிமே தள்ளிப்போடக் கூடாது. பெரியாஸ்பத்திரிக்குப் போயிருங்க. அண்ணிகிட்ட இன்னும் சொல்லலையா?"

கலர் பாட்டிலோடு வாசற்படியில் வேல்கனி நின்றிருந்தாள். அவள் எப்போது வந்தாள் என்று யாரும் கவனிக்கவில்லை. உச்சிமாகாளி போனை அணைக்கத் தடுமாறினார், விரல் சரியான இடத்தில் படவில்லை. குரல் இன்னும் இரண்டு தடவை அண்ணாச்சி, அண்ணாச்சி என்று கூப்பிட்டுவிட்டு ஓய்ந்தது.

சந்தனமாரி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். வேல்கனி பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு அப்பா பக்கத்தில் வந்தாள். சளியில் ரத்தம் என்றால் என்னவெல்லாம் இருக்கலாம் என்று அந்த ஆண்டுதான் படித்திருந்தாள்.

"எத்தன நாளாப்பா?"

அவர் மகளைப் பார்க்கவில்லை. தையிலிருந்து என்றார், தரையைப் பார்த்து. அப்போதே டீச்சரிடம் சொன்னாராம். துளசியும் ஆடாதோடையும் போட்டுக் கஷாயம் வைத்துக் குடியுங்கள், பிள்ளைக்குப் பரீட்சை நேரம், வீட்டில் சொல்லிப் பயமுறுத்த வேண்டாம் என்றாளாம் டீச்சர். குடித்தாராம். பொண்டாட்டியிடம் சொல்லாததை, கூடப் பிறந்தவனிடம் சொல்லாததை, ஓடைக்கரையில் நின்று அந்தக் குரலிடம் சொன்னதாகச் சொன்னார்.

தங்கபுஷ்பம் எல்லாவற்றையும் விளக்கினாள். கண்ணாடி அறை, கம்பெனி, அறுபது வீடு. உச்சிமாகாளி குறுக்கே பேசாமல் கேட்டார். கடைசியில் ஒன்று கேட்டார்.

"அப்ப நான் இத்தன நாளும் யார்கிட்ட அழுதேன்?"

மனிதர் கொஞ்ச நேரம் உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அவமானம் முகத்தில் ஏறி, பிறகு அது வேறொன்றாக இறுகுவதை அவள் கண்ணெதிரே பார்த்தாள்.

"எந்திரமா இருந்தா என்னம்மா? அது ஒரு வருஷம்னுச்சு, ஒரு வருஷம் படிக்க வச்சுச்சு. என் மக பாஸாயிட்டா. பேசுனபடி நடந்துச்சு. பேச்ச மாத்துறது நீங்கதான். நான் இன்னும் எத்தன நாளோ, கண்ணு மூடுறதுக்குள்ள இவள ஒரு கையில பிடிச்சுக் கொடுக்கணும்."

வேல்கனி தெருமுனைவரை கூடவே வந்தாள். ஸ்கூட்டரை ஸ்டார்ட் செய்யப்போன தங்கபுஷ்பம் கையைப் பிடித்துக்கொண்டாள். ஏதாவது உதவி கேட்கப்போகிறாள் என்று நினைத்தால், அவள் கேட்கவில்லை.

"அப்பாவுக்கு இப்பிடின்னா நான் எப்பிடி மிஸ் காலேஜுக்கு வருவேன்?"

நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாள் தங்கபுஷ்பம். எதைப் பார்த்துக்கொள்வது என்று அவளுக்கே தெரியாது. வாய் தானாகச் சொன்னது.

மறுநாள் அப்சலின் அறைக்குள் அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் நுழைந்தாள். அப்சல் கெட்டவர் இல்லை. தன் தங்கையைப் படிக்க வைக்கப் போராடித் தோற்றவர், இந்த வேலையை மனதார நம்பிச் செய்தவர். அவள் சொல்லச் சொல்ல அவர் முகம் வெளுத்தது, ஆனால் அவர் வியப்படையவில்லை. அந்த வித்தியாசத்தை அவள் கவனித்துவிட்டாள்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"சொல்லிக் கொடுக்கல மேடம். அதுவா கண்டுபிடிச்சது. படிப்போட அருமைய எடுத்துச் சொன்னா வீட்ல எடுபடல. 'ஒரு வருஷம்தானே, அப்புறம் உங்க இஷ்டம்'னு சொன்னா எடுபட்டுச்சு. அப்பாகிட்ட அது, பொண்ணுகிட்ட மிஸ் வந்து பேசுவாங்கன்னு இது. ரெண்டும் வேலை செஞ்சது. முதலாண்டுன்னு கோடு போட்டது நாமதானே."

"ரத்தம் வருதுன்னு சொன்ன மனுஷனுக்குக் கஷாயமா?"

அப்சல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பெரியாஸ்பத்திரின்னு தையிலயே சொல்லியிருந்தா அட்மிட் பண்ணியிருப்பாங்க. கூட யார் நிப்பா? மூத்த பொண்ணுதான். அன்னையோட படிப்பு போச்சு. ரிசல்ட் வந்தாச்சு, இனிமே நின்னா கணக்குல வராது. அதான் நேத்து சொல்லியிருக்கு."

அது கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை என்று அவர் சேர்த்துக்கொண்டார். அதற்கு எண்ணமே கிடையாதாம். இன்னும் எத்தனை வீட்டில் இப்படி வாக்குக் கொடுத்திருக்கிறது என்று கேட்டாள். எல்லா வீட்டிலும் இல்லை, தேவைப்பட்ட வீட்டில் மட்டும் என்றார். பாதி வகுப்புக்குத் தேவைப்பட்டிருந்தது. பையன்கள் வீட்டில் கல்யாணத்துக்குப் பதில் திருப்பூர். எல்லா இடத்திலும் வாக்கை நிறைவேற்றச் சொல்லி இப்போது தானே நினைவூட்டிக்கொண்டிருக்கிறது. சொன்ன சொல் தவறாத டீச்சர் என்று ஊரில் பெயர் இருந்தால்தானே அடுத்த வருஷத்துப் பெற்றோர் நம்புவார்கள்.

முதல்வர் ஞானதுரை முழுக்கக் கேட்டுவிட்டு, இரண்டாமாண்டு சேர்க்கை இந்தத் திட்டத்தில் வராது என்றார். வருத்தப்பட்டார். வருத்தப்பட்டுக்கொண்டே அடுத்த ஆண்டுத் திட்டத்துக்கான தாளில் கையெழுத்துப் போட்டார்.

வழி ஒன்று இருந்தது. அதைக் கேட்டது தங்கபுஷ்பம்தான். வேல்கனி வீட்டுக்கு மட்டும் இலக்கை மூன்றாண்டு என்று மாற்றினால் என்ன ஆகும்? அது பேசினால் உச்சிமாகாளி கேட்பார். எந்திரம் என்று தெரிந்த பிறகும் அதைத்தானே நம்புகிறார். அப்சல் தட்டிப் பார்த்தார். என்ன பேசும் என்பதை முன்கூட்டியே காட்டும் வசதி இருந்தது. திரையில் வந்ததை இரண்டு முறை படித்தார்.

"மாப்பிள்ளைக்குத் திருப்பூர்ல வேற தொடுப்பு இருக்கு, ஒரு குழந்தையும் இருக்குன்னு சொல்லும் மேடம். கல்யாணம் நின்னுரும்னு சொல்லுது."

"அது உண்மையா?"

"அதுக்குத் தெரியாது. தெரியணும்னும் இல்ல."

தங்கபுஷ்பம் அந்த மாப்பிள்ளையைப் பார்த்திருக்கிறாள். பெயர் சுடலைமணி, லோடு ஆட்டோ ஓட்டுகிறவன். வேல்கனி மறந்துவிட்டு வந்த வெள்ளைக் கோட்டைக் கொண்டுவந்து, உள்ளே வரக் கூச்சப்பட்டுக் கல்லூரி வாசலிலேயே நின்றவன். அவன் தலையில் இல்லாத குழந்தையைக் கட்ட வேண்டும். அதுவும் தன் குரலில், நோயாளி மனிதரின் காதில். புதிய இலக்கு என்பதால் அவள் சம்மதம் புதிதாக வேண்டும், விரலை ஒரு முறை வைத்தால் போதும் என்றார் அப்சல்.

யோசித்துச் சொல்கிறேன் என்று வீட்டுக்குப் போனாள். அந்தக் குரல்மீது வந்த ஆத்திரத்துக்கு அடியில் பொறாமையும் கிடந்தது என்பதை அன்றுதான் ஒத்துக்கொண்டாள். வேல்கனியின் அப்பா இருமுகிறார் என்று அதற்குத் தெரிந்திருந்தது. ஓராண்டு வகுப்பெடுத்த இவளுக்குத் தெரியாது. இவள் கேட்டதில்லை, கேட்க வேண்டியதில்லை என்று இருந்துவிட்டாள், அதுதான் கேட்கிறதே என்று. பொய் சொன்னால் ஒரு பெண் படிப்பாள். ஒரு பையன் பெயர் கெடும், இரண்டு குடும்பம் வெட்டிக்கொண்டு போகும். உண்மை வெளியே வராமலும் போகலாம். பலமுறை விரலை வைத்தாள், மனதுக்குள். காலையில் போய் வேண்டாம் என்றாள். கூடவே, தன் குரலை எடுத்துவிடச் சொன்னாள். ஒப்பந்தம் மூன்று வருஷத்துக்கு என்றார் அப்சல், அவள் முகத்தைப் பாராமல்.

ஆனி மாதம் கீழச்செவலில் கல்யாணம் நடந்தது. போகாமல் இருந்துவிடலாமா என்று நினைத்தாள். முதல் ஆளாக வந்து நிற்பேன் என்று சொல்லியிருந்ததே அவள் குரல். போனாள். உச்சிமாகாளி இளைத்துப் போயிருந்தார், வேட்டி இடுப்பில் நிற்கவில்லை. முன்வரிசையில் அவளை உட்கார வைத்து, வந்தவர்களுக்கெல்லாம் காட்டினார். இதுதான் டீச்சரம்மா, சொன்ன சொல் தவறாதவுக என்றார். அவர் கிண்டல் செய்கிறாரா என்று உற்றுப் பார்த்தாள். இல்லை. எந்த டீச்சரைப் புகழ்கிறோம் என்ற வித்தியாசத்தை அவர் விட்டுவிட்டார், அவ்வளவுதான். மணவறையிலிருந்து வேல்கனி ஒரு முறை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபமோ கண்ணீரோ இருந்திருந்தால் தங்கபுஷ்பத்துக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

கல்லூரி திறந்தபோது இரண்டாமாண்டு அறையில் பாதி பெஞ்சு காலி. பக்கத்து அறையில் புதிய முதலாண்டு, உட்கார இடமில்லாமல் ஜன்னலோரம்வரை நின்றது. டீச்சரை நம்பிப் பிள்ளையை விடலாம் என்று அக்கம்பக்கத்து ஊர்களில் பெயர் பரவியிருந்தது. முதல் நாள் வாசலில் நின்று, போனில் வருவது நானில்லை, அது சொல்லும் எதற்கும் நான் பொறுப்பில்லை என்று தங்கபுஷ்பம் ஒவ்வொரு பெற்றோரிடமும் சொன்னாள். எல்லாரும் மரியாதையாகத் தலையாட்டினார்கள். ஒரு தாய் அவள் கையைப் பிடித்து, தெரியும் டீச்சர், நேத்தே பேசினீங்களே, ஒரு வருஷம்தானே என்றாள்.

அப்சலிடம் கெஞ்சி ஒன்றை மட்டும் அவள் வாங்கிக்கொண்டாள். படிப்பை விட்ட பிள்ளைகள் அந்த எண்ணுக்கு அழைத்தால், நீங்கள் பதிவில் இல்லை என்று சொல்லித் தொடர்பை அறுத்துவிடும். அந்த அழைப்புகளைத் தன் போனுக்குத் திருப்பிவிடச் சொன்னாள். யாரும் அழைக்கவில்லை. கார்த்திகையில், மழை பெய்துகொண்டிருந்த ஒரு மதியச் சாப்பாட்டு வேளையில் போன் அடித்தது.

"சின்ன மிஸ்ஸா?" என்றது வேல்கனியின் குரல்.

"இல்லடா. நான்தான்."

அழைப்பு அறுந்துவிட்டதோ என்று தங்கபுஷ்பம் போனை எடுத்துப் பார்த்தாள். அறுபடவில்லை. அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்டாள்.

"நல்லாருக்காரு மிஸ். டி.பி.தான். நான்தான் சளி எடுத்துட்டுப் போய்க் கொடுத்தேன், ஆஸ்பத்திரில என்னையவே மைக்ராஸ்கோப்புல பாக்கச் சொன்னாங்க. ஆறு மாசம் மாத்திர. நேத்தோட முடிஞ்சிருச்சு. வேலைக்குக்கூடப் போறாரு."

மாத்திரைக்குக் கேட்கிற நோய். அதற்காகத்தான் அந்த அவசரம், அந்த ஆனி மாதம். தங்கபுஷ்பத்தின் கையில் பிசைந்த சோறு அப்படியே இருந்தது. நல்லது, ரொம்ப நல்லது என்று இரண்டு தடவை சொன்னாள். பிறகு, இப்போது எதற்கு அழைத்தாய் என்று கேட்டாள்.

"சும்மாதான் மிஸ். சின்ன மிஸ்கிட்ட பேசணும் போல இருந்துச்சு. ராத்திரிக்கு ராத்திரி, இன்னைக்கு என்ன படிச்சேன்னு கேக்கும்ல. இப்ப யாரும் கேக்குறதில்ல."

தங்கபுஷ்பம் நிதானமாகப் பேச முயன்றாள். அப்பாதான் தேறிவிட்டாரே, சுடலைமணி நல்ல பையன்தானே, அடுத்த ஆண்டு மறுபடி சேர்ந்துவிடலாம், இடம் வாங்கித் தருவது தன் பொறுப்பு என்றாள்.

"நான் நேர்ல வர்றேன் வேல்கனி. உங்க வீட்ல நானே பேசுறேன். நான் இருக்கேன்ல."

மழை ஓசை போனுக்குள்ளும் கேட்டது. வேல்கனி கோபமில்லாமல், பாடம் ஒப்பிப்பதுபோல் மெதுவாகச் சொன்னாள்.

"சின்ன மிஸ்ஸும் இப்பிடித்தான் மிஸ் சொல்லிச்சு."